ஹீலரின் முறைக்கு வேலை கொடுத்தது: ஐந்தாம் பதிப்பில் ஒரு தளபதி வகுப்பு

எங்கள் மேசைக்கென்று கட்டிக்கொண்டிருந்த தளபதி வகுப்பு ஒருவழியாக நிலைத்துவிட்டது. ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கதாபாத்திரமாகி இருபது பக்கப் பகடையை உருட்டி ஆடுவது: ஐந்தாம் பதிப்பு, 2014 கையேடு, ஐந்தாம் நிலைக் கதாபாத்திரங்கள். வகுப்பு என்றால் கதாபாத்திரத்தின் வகை; தளபதி, தோழர்களுக்குக் கட்டளையிட்டு உதவுகிற வகை. எண்களை இனி அடிக்கடி மாற்ற வேண்டியிருக்காது என்ற தைரியத்தில் அட்டைகளை லேமினேட்டே செய்துவிட்டேன். எங்கே ஆரம்பித்தது, எது உடைந்தது, எந்த எண்ணை எதற்காக மாற்றினேன் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே சிக்கலில் இருக்கும் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) யாருக்காவது சில வாரங்கள் மிச்சமாகும்.

குழுவில் நான்கு பேர்: ஃபைட்டர் (போர்வீரர்), ரோக் (பதுங்கி அடிப்பவர்), விசார்ட் (மந்திரவாதி), கிளெரிக் (காயம் ஆற்றும் பூசாரி, எங்கள் ஹீலர்). கிளெரிக் ஆடுகிறவர்தான் எங்களில் விதிகளை நன்றாகப் படித்தவர். ஆனால் சண்டை தொடங்கினால் மேசையில் மிகவும் அமைதியாக இருப்பவரும் அவர்தான். ஒரு நாள் ஆட்டம் முடிந்து பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்: "அண்ணா, என் முறை வர்றதுக்கு முன்னாடியே நான் என்ன செய்யணும்னு மத்தவங்களுக்குத் தெரிஞ்சிடுது." அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வேலையே ஆரம்பித்தது.

முதலில் அளந்து பார்த்தேன். நீள நோட்டு ஒன்றில் நான்கு பத்திகள்: யாருடைய முறை, என்ன செய்தார், அதை யார் முடிவு செய்தார், எவ்வளவு நேரம் ஆனது. நேரத்துக்குக் கைபேசி ஸ்டாப்வாட்ச். மூன்றாவது பத்திதான் விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது. ஃபைட்டர் பெயருக்கு எதிரே எப்போதும் "தானே" என்று இருந்தது. கிளெரிக் பெயருக்கு எதிரே "ஃபைட்டர் விழுந்தார்", "ரோக் கேட்டார்", "விசார்ட் கேட்டார்". இருபது வினாடிகூட ஆகாமல் அவர் முறை முடிந்துவிடும்.

கிளெரிக் பலவீனமான வகுப்பா என்றால் இல்லவே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஐந்தாம் நிலையில் தாக்குதல் பகடையோடு கூட்டும் எண் +7, எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி விழ எட்ட வேண்டிய எண்) 15 என்று வைத்துக்கொண்டேன். டிஎம் கையேட்டில் ஐந்தாம் தர எதிரிக்குக் கொடுத்திருக்கும் எண் அதுதான். அடி விழும் வாய்ப்பைக் கண்டுபிடிக்க 21-உடன் தாக்குதல் எண்ணைக் கூட்டி, ஆர்மர் கிளாஸைக் கழித்து, 20-ஆல் வகுத்தால் போதும். 13-ஐ 20-ஆல் வகுத்தால் 65 சதவீதம். கிளெரிக்கின் பிளெஸ் மந்திரம் தோழர்களின் உருட்டலில் ஒரு டி4 (நான்கு பக்கப் பகடை; டி6, டி8 எல்லாம் இப்படித்தான்) கூட்டுகிறது, சராசரி 2.5, அதாவது 12.5 சதவீதப் புள்ளிகள். இருகை வாளால் இரண்டு முறை அடிக்கும் ஃபைட்டருக்கும், ஒரு அடியில் 19 சேதம் செய்யும் ரோகுக்கும் சேர்த்துப் பார்த்தால் பிளெஸ் சுற்றுக்கு 5 சேதத்துக்குக் கொஞ்சம் மேலே தருகிறது. தற்காப்புப் பகடைகளுக்கு (மந்திரம் போன்றவற்றிலிருந்து தப்ப உருட்டுவது) கிடைக்கும் உதவி தனி. முதல் நிலை ஸ்லாட் (எண்ணி வைத்த மந்திர வாய்ப்பு) ஒன்றுக்கு இது மிக நல்ல வரவு.

ஆனால் அந்த 5 சேதம் யார் வாயில் வருகிறது? ஃபைட்டர்தான் "பதினெட்டு, அடிச்சிட்டேன்" என்கிறார். கைதட்டல் அவருக்கு. அந்தப் பதினெட்டில் மூன்று கிளெரிக்குடையது என்று யாரும் சொல்வதில்லை. பாதி நேரம் டி4-ஐ உருட்டவே மறந்துவிடுகிறார்கள். இங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. துணை வகுப்பின் சமநிலையை வெறும் சேதக் கணக்கால் சரி செய்ய முடியாது. அதன் பலம் அந்த ஆட்டக்காரருடைய முறையில், அவர் எடுத்த முடிவாக, எல்லார் கண்ணிலும் படும்படி வெளிப்பட வேண்டும். அப்புறம்தான் எண்கள்.

புது வகுப்பு கட்டுவதற்கு முன்னால் மலிவான வைத்தியங்களை முயன்றேன். முதலாவது, குணமாக்கும் அளவைக் கூட்டுவது. 2014 விதியில் க்யூர் வூண்ட்ஸ் என்ற குணமாக்கும் மந்திரம் தருவது ஒரு டி8-உம் திறன் எண்ணும். +4 இருந்தால் சராசரி 8.5. ஓகர் என்ற ராட்சத எதிரி தன் கதாயுதத்தால் அடித்தால் சராசரி 13 சேதம். ஆக முழு முறையையும் ஒரு ஸ்லாட்டையும் கொடுத்து ஓர் அடியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அழிக்க முடிகிறது. 2024 கையேட்டில் இதை இரண்டு டி8 ஆக்கியிருக்கிறார்கள். சராசரி 13, ஓகரின் ஓர் அடிக்குச் சரிக்குச் சரி. அதை அப்படியே எடுத்து எங்கள் ஆட்டத்தில் போட்டேன். குழு விழுவது குறைந்தது. ஆனால் நோட்டின் மூன்றாவது பத்தி கொஞ்சமும் மாறவில்லை. குணமாக்கல் வலுவானதும் கிளெரிக்கை இன்னும் அதிகமாகக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) பூஜ்யமாகி விழுந்து எழுகிறவருக்குக் களைப்பு ஒரு படி என்ற விதி. பல மேசைகளில் இருப்பதுதான். ஐந்தாம் பதிப்பில் ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்குக் கீழே போவதில்லை, அதனால் ஒருவர் விழும்வரை காத்திருந்து ஹீலிங் வேர்ட் மந்திரத்தால் 6 புள்ளி கொடுத்து எழுப்புவதுதான் லாபம். போனஸ் ஆக்‌ஷன் (முறையின் முக்கியச் செயலுக்கு மேலே செய்யும் சின்னச் செயல்), 60 அடி தூரத்திலிருந்தே செய்யலாம். எழுவார், ஓர் அடி அடிப்பார், மறுபடி விழுவார். களைப்பு விதி அதை நிறுத்தியது என்னவோ உண்மை. ஆனால் தண்டனை முழுவதும் முன்வரிசையில் நிற்கிற ஃபைட்டர் தலையில் விழுந்தது. பின்னால் நிற்கிற விசார்டுக்குக் களைப்பே வரவில்லை. எடுத்துவிட்டேன்.

சரி, வகுப்பையே கட்டலாம் என்று உட்கார்ந்தேன். முன்மாதிரி கையில் இருந்தது. 2008-இல் வந்த நான்காம் பதிப்பில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பங்கு பிரித்திருந்தார்கள். துணை செய்கிறவருக்கு அங்கே "தலைவர்" என்று பெயர். கிளெரிக்கும் வார்லார்டும் அந்தப் பங்கில் வந்தார்கள். வார்லார்டுக்கு மந்திரம் கிடையாது, கட்டளை மட்டும்தான். ஐந்தாம் பதிப்பில் அந்த வகுப்பு வரவில்லை; அதன் சில துண்டுகள் ஃபைட்டரின் பேட்டில் மாஸ்டர் கிளைக்குள் போயின. நான் தேடியது அந்த முழு உருவத்தை.

முதல் வரைவை எழுதியபோது கருவிகள் எளிமையானவை: ஒரு ஸ்பிரெட்ஷீட், ஒரு பென்சில், பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். உடம்பு ஃபைட்டர் மாதிரி, ஹிட் டை (உயிர்ப் புள்ளிக்கான பகடை) டி8, நடுத்தரக் கவசம், கேடயம், ஐந்தாம் நிலையில் இரண்டு அடி. அதில் ஓர் அடியை விட்டுக்கொடுத்து, தோழர் ஒருவரை அவருடைய ரியாக்‌ஷனில் (சுற்றுக்கு ஒருமுறை, பிறர் முறையில்கூடச் செய்யக்கூடிய செயல்) அடிக்கச் சொல்லலாம். வரம்பு கிடையாது, சுற்றுக்கு ஒருமுறை.

காகிதத்தில் நன்றாகவே இருந்தது. தளபதி நீள்வாளால் ஓர் அடி அடித்தால், தவறும் அடிகளையும் சேர்த்துச் சராசரி 5.75. ஃபைட்டருக்கு ஓர் அடி வாங்கிக் கொடுத்தால் 7.5. மொத்தம் 13.25. ஃபைட்டர் தன் இரண்டு அடியில் செய்வது 15. துணை வகுப்பு ஃபைட்டரைவிடக் கொஞ்சம் கீழே, சரியான இடம்.

மேசையில் தளபதி முதல் வேலையாக ரோகைப் பார்த்து "அடி" என்றார். பதுங்கி அடிக்கும் ரோகுக்குக் கூடுதல் சேதம் தரும் ஸ்னீக் அட்டாக் விதியைப் படியுங்கள்: ஒரு முறைக்கு ஒரு தடவை. சுற்றுக்கு ஒரு தடவை என்று எங்கும் இல்லை. தளபதியின் முறையில் ரோக் அடித்தால் அது வேறு முறை, ஆகவே மூன்று டி6 மறுபடியும் சேரும். ரேப்பியர் 8.5, ஸ்னீக் அட்டாக் 10.5, ஆக 19. தவறுவதையும் கிரிட்டிக்கலையும் (20 விழுந்தால் சேதப் பகடை இரட்டிப்பு) கணக்கில் எடுத்தால் சராசரி 13.1. தளபதியின் சொந்த அடியைச் சேர்த்தால் 18.85. ஃபைட்டரை நேராகத் தாண்டிவிட்டது, அதுவும் துணைக்கு வந்த வகுப்பு. ஃபைட்டர் ஆடுகிறவர் எதுவும் சொல்லவில்லை, தன் கேரக்டர் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது தளபதிக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். துணை வகுப்பு எதுவானாலும் அதன் பலம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கிறது. ஒரே கட்டளை ஃபைட்டர் கையில் 7.5, ரோக் கையில் 13.1, கத்தி வைத்திருக்கும் விசார்ட் கையில் ஒன்றுமில்லை. குழுவைப் பார்க்காமல் இந்த வகுப்புக்கு எண் போடவே முடியாது.

ரோகுக்கு மட்டும் தடை போடலாமா என்று யோசித்தேன். "கட்டளையில் வரும் அடிக்கு ஸ்னீக் அட்டாக் கிடையாது" என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. ஒரு மாலை அப்படி ஆடியும் பார்த்தோம். ரோகைத் தளபதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோக் ஆடுகிற நண்பன் "மச்சான், என்னோட வகுப்பையே எடுத்துட்டா அப்புறம் எதுக்கு என்னை அடிக்கச் சொல்ற?" என்று கேட்டான். நியாயம்தான். இரண்டு பேர் சேர்ந்து ஒன்றைச் சாதிக்கிற சந்தோஷத்துக்காகத்தான் இந்த வகுப்பே. அதை வெட்டிவிட்டு எண்ணைக் காப்பாற்றி என்ன பயன்?

வழி கிடைத்தது கேரம் காய்களில். ரியாக்‌ஷனை யார் பயன்படுத்திவிட்டார்கள், யாரிடம் மிச்சம் இருக்கிறது என்பது எங்கள் மேசையில் எப்போதும் குழப்பம். வீட்டிலிருந்த கேரம் போர்டிலிருந்து ஆளுக்கு ஒரு கறுப்புக் காய் எடுத்து ஒவ்வொருவர் பகடைத் தட்டிலும் வைத்தேன். உங்கள் முறை தொடங்கும்போது காய் உங்கள் தட்டுக்கு வரும். ரியாக்‌ஷன் செய்தால் நடுவில் இருக்கும் கிண்ணத்தில் போட வேண்டும். தளபதி கட்டளையிட்டால், கை நீட்டி உங்களிடம் அந்தக் காயைக் கேட்பார். நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இந்தச் சின்ன மாற்றம் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது. ஐந்தாம் நிலை ரோகுக்கு அன்கேனி டாட்ஜ் இருக்கிறது. ரியாக்‌ஷன் செலவழித்து, வாங்கும் ஓர் அடியைப் பாதியாக்கலாம். ஓகரின் 13 அப்போது 6 ஆகும். காயைத் தளபதியிடம் கொடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போனது. விசார்ட் காயைக் கொடுத்தால் ஷீல்ட் மந்திரம், அதன் +5 ஆர்மர் கிளாஸ், இரண்டும் போச்சு. ஃபைட்டர் கொடுத்தால், தன்னைக் கடந்து ஓடுகிறவனை வெட்ட முடியாது. செலவு ஏற்கெனவே விதியில் இருந்ததுதான். காய் கைமாறும்வரை யாருக்கும் அது செலவாகத் தெரியவில்லை. முதல் ஓகர் சண்டையில் ரோக் காயைக் கொடுத்தான், 19 சேதம் செய்தான், அடுத்த ஓகரின் அடியை முழுசாக வாங்கினான். இரண்டாம் சுற்றில் தளபதி கை நீட்டியபோது காயை விரலால் மூடிக்கொண்டு "அவன் எவ்வளவு அடிபட்டிருக்கான், சொல்லு" என்று பேரம் பேசினான். கிளெரிக்காக இருந்து தளபதியாக மாறியவர் மேசையில் குனிந்து, மினியேச்சர்களைக் காட்டி, ஏன் இப்போதே அடிக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்த முறை எவ்வளவு நேரம் போனது என்று பார்க்க ஸ்டாப்வாட்சை அழுத்தவே மறந்துவிட்டேன்.

அடுத்து எண்களுக்கு வந்தேன். இரண்டாம் அடியை முழுதாக எடுத்துவிட்டேன். தளபதிக்கு எந்த நிலையிலும் ஓர் அடிதான். கட்டளையிட முழு ஆக்‌ஷன் வேண்டும். ரோகிடம் சொன்னால் 13.1, ஃபைட்டரிடம் சொன்னால் 7.5. இடைவெளி இன்னும் பெரிது. ரோக் இல்லாத குழுவில் இந்த வகுப்பு நொண்டும். அதனால் ஒரு வரி சேர்த்தேன்: கட்டளையில் விழும் அடிக்கு வேறு எந்தக் கூடுதல் சேதப் பகடையும் சேரவில்லை என்றால், தளபதி ஒரு டி8 சேர்க்கலாம். ஃபைட்டரின் அடி 10.65 ஆனது. இடைவெளி 5.6-இலிருந்து 2.45-க்கு இறங்கியது. ரோகைத் தடை செய்யாமல் மற்றவர்களை மேலே தூக்கியதில் யாருக்கும் மனக்குறை இல்லை.

ஃபைட்டரின் 15-க்கும் இந்த 10.65-க்கும் நடுவே நாலு சொச்சம் இருக்கிறது. அதுதான் மற்ற உதவிகளுக்கான பட்ஜெட் என்று வைத்துக்கொண்டேன். இதற்காக நான்கு ஆணைப் பகடைகள், சிறு ஓய்வு எடுத்தால் திரும்பக் கிடைக்கும். லூடோ பெட்டியிலிருந்து எடுத்த டி6-கள் போதும், தனியாக வாங்க வேண்டாம். ஒன்றைச் செலவழித்துச் செய்யக்கூடியவை மூன்று.

"தாங்கு" என்பது குணமாக்கும் ஆணை. இதில்தான் அதிக நேரம் செலவானது. மந்திரமில்லாத ஒருவர் சத்தம் போட்டால் காயம் ஆறுமா என்ற பழைய சண்டை எங்கள் மேசையிலும் வந்தது. அதற்கு நான்காம் பதிப்பில் அழகான விடை இருக்கிறது. அங்கே ஒவ்வொருவரும் தனக்கான ஹீலிங் சர்ஜ்களை வைத்திருப்பார். ஒன்று செலவழித்தால் முழு ஹிட் பாயிண்டில் கால் பங்கு திரும்பும். தலைவர் செய்வது, சண்டையின் நடுவே அதைச் செலவழிக்க அனுமதி கொடுப்பதும் மேலே ஒரு டி6 போடுவதும். உயிர் உன்னுடையது, நேரம் என்னுடையது. ஐந்தாம் பதிப்பில் அதற்கு நிகரானது ஹிட் டைஸ். ஐந்தாம் நிலையில் ஆளுக்கு ஐந்து, வழக்கமாகச் சிறு ஓய்வில் மட்டும் செலவழிப்பது. தாங்கு ஆணை வந்தால் தோழர் ஒரு ஹிட் டையை அங்கேயே உருட்டலாம், தளபதியின் கரிஸ்மா எண் 3 மேலே. ஓய்வில் போலவே உடல்வலு எண்ணும் (இருவருக்கும் 2) சேரும், ஆக ஃபைட்டருக்குச் சராசரி 10.5, விசார்டுக்கு 8.5. தளபதிக்கு இது போனஸ் ஆக்‌ஷன்.

ஹீலிங் வேர்டைவிடப் பெரிய எண் என்று பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் நாள் முழுவதையும் கூட்டிப் பாருங்கள்: தோழர் தன் சேமிப்பையே எடுக்கிறார், தளபதி தருவது 3 புள்ளிகளும் சரியான நேரமும் மட்டும். மாலையில் ஓய்வெடுக்கும்போது ஃபைட்டர் தன் தாளைப் பார்த்து "ரெண்டுதான் மிச்சம்" என்று கவலைப்படுவார். அந்தக் கவலைதான் எனக்கு வேண்டியிருந்தது. இனி கேட்கும்போது யோசித்துக் கேட்பார்.

முதலில், விழுந்தவருக்குத் தாங்கு செல்லாது என்று எழுதியிருந்தேன், விழுந்து எழும் விளையாட்டைத் தடுப்பதற்காக. கிளெரிக் இல்லாத குழுவில் அது கொடுமையாகப் போனது. யாராவது விழுந்தால் 50 தங்கம் விலையுள்ள மருந்துக் குப்பியைத் தவிர வேறு வழியில்லை, அதுவும் சராசரி 7 புள்ளிதான். ஐந்து தங்கத்துக்குக் கிடைக்கும் ஹீலர்ஸ் கிட் சாவைத் தடுக்கும், எழுப்பாது. இப்போதைய விதி: விழுந்தவருக்கும் செல்லும், ஆனால் தளபதி 5 அடிக்குள் நிற்க வேண்டும். 60 அடி தூரத்திலிருந்து கத்தி எழுப்ப முடியாது. பக்கத்தில் ஓடிப் போனால் தளபதியும் அடி வாங்குவார். அந்த ஓட்டமே ஒரு முடிவு.

"நகர்" எளிது. போனஸ் ஆக்‌ஷன், தோழர் தன் காயைக் கொடுத்துவிட்டுப் பாதி வேகம் நகரலாம், யாரும் பின்னாலிருந்து வெட்ட முடியாது. "கவனி" தளபதியின் சொந்த ரியாக்‌ஷன். தோழரின் தோற்றுப்போன தற்காப்புப் பகடையில் டி6 சேரும். உருட்டிய பிறகு, தோல்வி என்று தெரிந்த பிறகு சேர்க்கலாம் என்று வைத்தது வேண்டுமென்றேதான். பிளெஸ் டி4 மறந்துபோவது போல இது மறக்காது, "நில்லு, கவனி!" என்று சொல்லித் தளபதி தன் பகடையை உருட்டுகிறார், தோல்வி வெற்றியாவது எல்லார் கண் முன்னால் நடக்கிறது.

சோதனைக்கு இரண்டு சண்டைகளை நிலையாக வைத்துக்கொண்டேன். முதலாவது மூன்று ஓகர்கள். ஆளுக்கு 59 ஹிட் பாயிண்ட், ஆர்மர் கிளாஸ் 11 மட்டும். இரண்டாவது ஆறு ஹாப்காப்ளின்களும் (படையாகச் சேர்ந்து அடிக்கும் எதிரிகள்) ஒரு ஹாப்காப்ளின் கேப்டனும். ஹாப்காப்ளினுக்கு 11 ஹிட் பாயிண்ட்தான், ஆனால் ஆர்மர் கிளாஸ் 18. ஓகர் சண்டை, கையேட்டு அட்டவணைப்படி நான்கு ஐந்தாம் நிலை ஆட்களுக்கு நடுத்தரத்துக்கு மேல், கடினத்துக்குக் கீழ். ஹாப்காப்ளின் சண்டை கடினம். இரண்டையும் முதலில் நானே எல்லாப் பக்கமும் உருட்டிப் பார்த்தேன், அப்புறம் குழுவுக்குக் கொடுத்தேன்.

இந்த ஜோடி ஏன் முக்கியம் என்றால், ஒரே உதவி இரண்டிலும் வேறு வேறு எடை. ஓகரை ஃபைட்டர் பிளெஸ் இல்லாமலே 85 சதவீதம் அடிக்கிறார். டி4 சேர்த்தாலும் ஏறத்தாழ 94-தான், 1 விழுந்தால் எப்படியும் தவறுமே. ஹாப்காப்ளினிடம் 50, டி4 சேர்த்தால் 62.5. அங்கே கால் பங்கு கூடுகிறது, இங்கே பத்தில் ஒரு பங்கு. துணை வகுப்பை ஒரே வகை எதிரியிடம் சோதித்துவிட்டு "அதிகம்", "போதாது" என்று தீர்ப்பு சொன்னால் நிச்சயம் தப்பாகும்.

ஓகர் சண்டையில் ஜெயித்தது "அடி"யும் "தாங்கு"ம். ஹாப்காப்ளின் சண்டையில் யாரும் எதிர்பார்க்காதபடி "நகர்" முன்னால் வந்தது. ஹாப்காப்ளினுக்கு மார்ஷியல் அட்வான்டேஜ் என்று ஒன்று உண்டு: அது அடிக்கும் ஆளுக்கு 5 அடிக்குள் அதன் தோழன் நின்றால் இரண்டு டி6 கூடுதல் சேதம், சராசரி 7. விசார்டை இரண்டு பேர் நெருக்கி நின்றபோது தளபதி அவரை வெளியே நகர்த்தினார். ஒருவன் துரத்திப் பிடித்தான், இன்னொருவனால் வர முடியவில்லை. 7 சேதம் காணாமல் போனது. எந்தப் பகடையும் உருளாமல் கிடைத்த அந்த 7, க்யூர் வூண்ட்ஸின் 8.5-க்குக் கிட்டத்தட்டச் சமம்.

இன்னொன்றும் அங்கே பார்த்தேன். ஹாப்காப்ளின் கேப்டனுக்கும் ஒரு துணை ஆற்றல் இருக்கிறது. ஒரு நிமிடம், 30 அடிக்குள் இருக்கும் தன் ஆட்களின் தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் டி4 கொடுப்பான். நான் அந்த டி4-ஐ மேசை நடுவில், எல்லாரும் பார்க்கும்படி உருட்டினேன். குழு உடனே "அவனை முதல்ல முடிங்க" என்று திரும்பியது. சரி, எங்கள் தளபதியை ஹாப்காப்ளின்கள் அப்படிக் குறி வைத்தார்களா? நான் வைக்கவே இல்லை. பழக்கத்தில் ஃபைட்டரையே அடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஆட்டத்திலிருந்து, பேசத் தெரிந்த எதிரி எவனும் இரண்டாம் சுற்றில் கட்டளையிடுபவரைக் கண்டுபிடித்துவிடுவான் என்று வைத்தேன். தளபதிக்கு முதல்முறையாக ஹிட் பாயிண்ட் பற்றிய பயம் வந்தது. வகுப்பு அதனால் இன்னும் நன்றாக அமைந்தது, கேடயம் வைத்திருந்ததற்கும் பொருள் வந்தது.

அட்டைகளைப் பற்றி. 300 ஜிஎஸ்எம் ஏ4 தாளில் 63-க்கு 88 மில்லிமீட்டர் அளவில் ஒன்பது அட்டைகள் அடங்கும். முனை கொஞ்சம் மிச்சம் விழும், ஸ்டீல் ஸ்கேலும் கட்டர் பிளேடும் வைத்து வெட்டினால் சுத்தமாக வரும். கத்தரிக்கோல் வேண்டாம், ஓரம் வளைகிறது. கலர் பிரிண்ட், லேமினேஷன் எல்லாம் சேர்த்து 150 ரூபாய்க்குள் முடிந்தது. காய்க்கும் பகடைக்கும் செலவில்லை. ஒரு அட்டையில் அதிகபட்சம் நாற்பது சொற்கள் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் போனால் ஆணையிலேயே ஏதோ சிக்கல் என்று பொருள். வெட்டிய யோசனைகளில் பாதி அப்படித்தான் வெட்டுப்பட்டன.

வேறு மேசைக்கு அட்டைகளைக் கொடுப்பதானால் ஒன்று கவனியுங்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. அதிலிருந்து எடுக்கலாம், பெயர் குறிப்பிட்டால் போதும். ஆனால் பேட்டில் மாஸ்டர் அதில் இல்லை, ஃபைட்டருக்கு சாம்பியன் கிளை மட்டும்தான் இருக்கிறது. அதனால் ஆணைகளின் வாசகங்களை முழுக்க என் சொந்தச் சொல்லில் எழுதினேன்.

பாத்ஃபைண்டர் என்ற இதேபோன்ற வேறு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பை ஆடுகிறவர்கள் இதையெல்லாம் அப்படியே கொண்டுபோக வேண்டாம். அங்கே இலக்கை 10 தாண்டினாலே கிரிட்டிக்கல் என்பதால் பாடி உதவும் பார்ட் வகுப்பின் வெறும் +1-கூட இரட்டை வேலை செய்கிறது. ஹீல் மந்திரத்தையும் ஒன்று, இரண்டு, மூன்று ஆக்‌ஷன் என்று பிரித்து, எவ்வளவு செலவழிப்பது என்ற முடிவை ஆட்டக்காரரிடமே விட்டிருக்கிறார்கள். எங்கள் நோட்டின் மூன்றாவது பத்திப் பிரச்சினை அங்கே பாதி தீர்ந்திருக்கிறது.

அடுத்த முறை கட்டுவதானால் குணமாக்குவதைக் கடைசியில் வைக்க மாட்டேன், முதலில் எழுதுவேன். மற்ற எல்லா எண்ணும் அதைச் சுற்றித்தான் நின்றது. "கவனி"யையும் மாற்ற யோசனை இருக்கிறது. கிளெரிக் பிளெஸ் போட்டால் அடி விழும்போது கவனம் குலைந்து மந்திரம் போகலாம், தளபதிக்கு அப்படி எதுவும் இல்லை. தளபதி அந்தச் சுற்றில் சேதம் வாங்கியிருந்தால் "கவனி" செல்லாது என்று ஒரு வரி சேர்த்துப் பார்க்கப் போகிறேன்.

பெரிய வேலை பதினோராம் நிலையில் காத்திருக்கிறது. அங்கே ஃபைட்டருக்கு மூன்றாவது அடி வருகிறது, ரோகின் ஸ்னீக் அட்டாக் ஆறு டி6, அதுவே சராசரி 21. தளபதி சேர்க்கும் டி8 அதற்குப் பக்கத்தில் நிற்காது. டி8-ஐ இரண்டாக்குவதா, ஒரே ஆக்‌ஷனில் இரண்டு பேரிடம் காய் கேட்க விடுவதா என்று இரண்டு வரைவு வைத்திருக்கிறேன். இரண்டு காய் கேட்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ரோகும் ஃபைட்டரும் ஒரே நேரத்தில் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். முதலில் ஸ்பிரெட்ஷீட்டில் ஆர்மர் கிளாஸ் 17-க்கு எண் போட்டுவிட்டு, அதே இரண்டு சண்டைகளை ஓகருக்குப் பதில் மலை ராட்சதர்களை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.